உங்கள் வீடியோ வேறொருவர் சேனலில் ஓடுகிறதா? அறிகுறி பார்த்துப் பதிப்புரிமைச் சிக்கலைத் தீர்க்கும் வழி

பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. அர்ச்சுனன் தபசு கூத்து நடந்த இரவு முழுக்கக் கேமராவோடு நின்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டி என் யூடியூப் சேனலில் ஏற்றினேன். நான்காம் நாள் ஜமா (கூத்துக் குழு) வாத்தியார் அழைத்தார். "தம்பி, நம் கூத்து வேறு யாரோ பெயரில் ஓடுகிறதே, நீங்கள் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். திருட்டைவிட அந்தக் கேள்வி எனக்கு அதிகமாக வலித்தது. அவர்களை நம்ப வைத்துப் படம் எடுத்துவிட்டு விற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

தர்மபுரியில் சிறிய ஸ்டூடியோ நடத்துகிறேன். அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். இப்போது காவேரிப்பட்டணம், பாலக்கோடு, அரூர் என்று பல ஊர்களிலிருந்து நண்பர்கள் இதே சிக்கலோடு வருகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: "காப்பிரைட் பிரச்சினை." ஆனால் ஒருவருக்கு வந்தது உரிமை கோரல் (வீடியோ இருக்கும், வருமானம் வேறொருவருக்குப் போகும்), இன்னொருவருக்கு ஸ்ட்ரைக் (வீடியோவை நீக்கிச் சேனலுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை), மூன்றாமவருக்கு வந்தது பதிப்புரிமைச் சிக்கலே இல்லை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்று. "நான் பதிவு செய்யவில்லையே, எனக்கு எப்படி உரிமை வரும்?" என்று தயங்காதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவான கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. செய்தால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக உதவும். எழுத்து, ஓவியம், ஒளிப்படம் போன்றவற்றுக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். திரைப்படம் என்ற வகையில் வரும் வீடியோவுக்கு 5,000 ரூபாய். கூத்து வீடியோ ஒவ்வொன்றுக்கும் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. பாடநூல், கையேடு எழுதி விற்கிறவர்கள் பதிவு செய்துகொள்வது நல்லது.

"என் வீடியோவை முழுதாக எடுத்து இன்னொரு சேனலில் போட்டிருக்கிறார்கள்"

கோபத்தில் அந்த வீடியோவின் கீழே போய்த் திட்டி எழுதாதீர்கள். அவர் வீடியோவை மறைத்துவிடுவார், சத்தம் அடங்கியதும் திரும்பத் திறப்பார், உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. முதலில் ஆதாரம் எடுங்கள். வீடியோவின் முழு முகவரி, சேனலின் முகவரி, ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை எல்லாம் தெரியும்படி திரைப்பதிவு செய்யுங்கள். சேனல் பெயர் நாளைக்கே மாறிவிடலாம். அதனால் பெயரை மட்டும் குறித்து வைத்தால் போதாது.

அடுத்து உங்கள் பக்கத்து ஆதாரம். மெமரி கார்டில் இருக்கும் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். கேமராவுக்குள் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்து, அதன் கடிகாரம் 2000-ஆம் ஆண்டுக்குப் போயிருந்தது. என் மூலக் கோப்புகள் எல்லாம் 2000 ஜனவரியில் எடுத்ததாகக் காட்டின. தேதியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாத நிலை. காப்பாற்றியது வேறொன்று. அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறியபோது, ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். பேரன் லென்ஸையே பார்த்துக்கொண்டு கையில் இருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். பதினோரு வினாடி. அதை வெட்டிவிட்டுத்தான் சேனலில் ஏற்றியிருந்தேன். எடுத்துப் போட்டவரிடம் நான் ஏற்றியது மட்டுமே இருந்தது. வெட்டிய அந்தப் பதினோரு வினாடி என்னிடம் மட்டும் இருந்தது. மூலக் கோப்பில் அது முன்னும் பின்னும் தொடர்ச்சியாக ஓடுகிறது. இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆகவே வெட்டித் தள்ளிய காட்சிகளைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கேமராவின் தேதியையும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் ஒருமுறை பாருங்கள்.

இனி புகார். யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) பதிப்புரிமைப் பகுதியிலோ பொதுவான புகார்ப் படிவத்திலோ தொடங்கலாம். உங்கள் மூல வீடியோவின் முகவரி, திருட்டு வீடியோவின் முகவரி, உங்கள் பெயர், தொடர்பு விவரம், உறுதிமொழி, கையொப்பமாக முழுப் பெயர். உரிமையாளர் என்று நீங்கள் எழுதும் பெயர், நீக்கப்பட்ட வீடியோ இருந்த இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும். உங்கள் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகலாம். வங்கிக் கணக்கோடு இணைந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல் தொழிலுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் இரண்டு வழி கேட்பார்கள்: உடனே நீக்குவதா, 7 நாள் அவகாசம் கொடுப்பதா. அவகாசம் கொடுத்தால், அதற்குள் அவரே நீக்கிவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. உடனே என்றால் ஸ்ட்ரைக் விழும். பக்கத்து ஊர்ப் பையன் ஆர்வத்தில் போட்டது போலத் தெரிந்தால் நான் 7 நாளைத் தேர்ந்தெடுக்கிறேன். பத்து ஊர்க் கூத்தையும் அள்ளிப் போட்டு விளம்பரக் காசு பார்க்கிற சேனல் என்றால் யோசிப்பதே இல்லை. அதே வீடியோ மறுபடி ஏறாமல் தடுக்கும் தெரிவும் அங்கேயே இருக்கிறது, அதையும் குறியிடுங்கள்.

இந்தப் படிவம் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அமைந்தது. பொய்ப் புகார் கொடுத்தால் இழப்பீடு கேட்டு வழக்குப் போட அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. உங்கள் சேனலும் பறிபோகலாம். போட்டியாளரை முடக்குவதற்காக இதைக் கையில் எடுக்காதீர்கள்.

முகநூல், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். துண்டு துண்டாக வெட்டி ரீல்ஸ் ஆக்கியிருந்தால் ஒவ்வொரு ரீலின் முகவரியையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடுவதைத் துரத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு நாளில் தானாகப் போய்விடும். வாட்ஸ்அப் சேனலில் போட்டிருந்தால் மட்டும் புகார் செய்யுங்கள்.

"புகார் அனுப்பினேன், கூடுதல் விவரம் கேட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள்"

பெரும்பாலும் மூன்று காரணம். வீடியோவின் முகவரிக்குப் பதில் சேனலின் முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். அல்லது "என் வீடியோ" என்று மட்டும் எழுதி, மூலம் எங்கே இருக்கிறது என்று காட்டியிருக்க மாட்டீர்கள். இந்த இரண்டும் எளிது. வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். புதிதாக இன்னொரு புகார் போட்டால் இரண்டும் குழம்பும்.

மூன்றாவது காரணம், நீங்கள் புகார் செய்வது ஒரு யோசனையைப் பற்றி என்பது. ஒகேனக்கல் தொங்கு பாலத்தில் நின்று அருவியை ஒரு கோணத்தில் எடுத்தேன், மறுவாரம் அதே இடத்தில் நின்று அதே போல் இன்னொருவர் எடுத்துப் போட்டுவிட்டார் என்று ஒரு நண்பர் கொதித்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாலமும் அருவியும் கோணமும் யாருக்கும் சொந்தமில்லை. யோசனைக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் உங்கள் காட்சியை எடுத்துப் போட்டால்தான் புகார் நிற்கும்.

உங்கள் முகத்தை வைத்துப் போலிக் கணக்கு திறந்தாலோ, யாரோ எடுத்த உங்கள் படத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ அதுவும் பதிப்புரிமைப் புகாராகாது. ஆள்மாறாட்டம், அந்தரங்க மீறல் என்ற தனிப் படிவங்களும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் அதற்கு இருக்கின்றன.

"நான் எடுத்த கல்யாணப் படம்; ஆனால் உரிமை எனக்கில்லை என்கிறார்கள்"

ஒளிப்படக்காரர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி இது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர் எடுத்த மணப்பெண் படத்தை ஓர் அலங்காரக் கடை தன் விளம்பரத்தில் போட்டுவிட்டது. அவர் பெயரையும் வெட்டிவிட்டது. அவர் புகார் செய்தார். "நீங்கள்தான் உரிமையாளர் என்று காட்டுங்கள்" என்று பதில் வந்தது. சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் பார்த்தால் காரணம் தெரியும். ஒளிப்படத்தைப் பொறுத்தவரை, எடுத்தவரே ஆசிரியர், அவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் காசு வாங்கிக்கொண்டு எடுத்த ஒளிப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாண ஆல்பம் அந்தக் குடும்பத்தின் சொத்து. நீங்கள் அதைக் கடை வாசலில் பெரிதாக்கி மாட்டுவதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

அப்படியானால் என்ன வழி? அந்தக் குடும்பத்தையே புகார் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அவர்கள் சார்பில் புகார் செய்ய உங்களுக்கு ஒரு கடிதம் தரச் சொல்லுங்கள். நண்பர் மணப்பெண்ணின் அண்ணனிடம் பேசினார். தங்கை படம் அனுமதியில்லாமல் விளம்பரத்தில் வந்ததில் அவருக்கு நண்பரைவிடக் கோபம். அன்று மாலையே கடிதம் கிடைத்தது.

இனி வரும் வேலைகளுக்கு, முன்பண ரசீதிலேயே இரண்டு வரி அச்சடித்துவிடுங்கள்: "இந்நிகழ்ச்சியில் எடுக்கப்படும் படங்கள், வீடியோக்களின் பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கு உரியது. வாடிக்கையாளர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு அவற்றை எப்போதும் பயன்படுத்தலாம். வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றி ஸ்டூடியோ அவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாது." இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாடிக்கையாளருக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மறைத்து வாங்கிய கையெழுத்தை வைத்து உறவைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

கூத்துக்கும் இதே போல ஒன்று தேவை. மகாபாரதக் கதைக்கும் பழைய கூத்துப் பாடல்களுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் வாத்தியார் புதிதாகக் கட்டிய பாட்டு அவருடையது. வேஷம் கட்டி ஆடுகிற ஒவ்வொருவருக்கும், முகவீணை வாசிப்பவர் உட்பட, நிகழ்த்துவோர் உரிமை என்று தனி உரிமை இருக்கிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்து ஏற்றியவர், வேறொருவர் திருடியதாகப் புகார் செய்யப் போனால் தானே மாட்டிக்கொள்வார். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அதில் காலத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. யூடியூப் உலகம் முழுக்கத் தெரிகிறது அல்லவா? வருமானத்தில் ஜமாவுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடியவர்கள் அவர்கள். வாத்தியார் என்னைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம், எங்களுக்குள் எழுத்தில் எதுவும் இல்லாததுதான்.

"நானே எடுத்த வீடியோவுக்கு யாரோ உரிமை கோருகிறார்கள்"

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா எடுக்கிறவர்களுக்கு இது வாடிக்கை. வீடியோ நீக்கப்படவில்லை, ஸ்ட்ரைக் இல்லை, ஆனால் விளம்பர வருமானம் வேறு யாருக்கோ போகிறது. இதைத்தான் உரிமை கோரல் என்கிறார்கள். 2007 முதல் யூடியூபில் இயங்கும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை, உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலி, ஒளி மாதிரிகளோடு உங்கள் வீடியோவை ஒப்பிட்டுப் பார்த்து இதைச் செய்கிறது. பெரும்பாலும் மனிதர் யாரும் உங்கள் வீடியோவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று யூடியூப் ஸ்டுடியோவில் காட்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். விழாவில் ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டாக இருந்தால் கோரல் சரிதான். இங்கே பலர் ஒரு வாதம் வைப்பார்கள்: "கோவில் திருவிழாவில் பாட்டுப் போட உரிமம் வேண்டாம் என்று சட்டமே சொல்கிறதே." உண்மை. 52-ஆம் பிரிவு, சமயச் சடங்குகளிலும் கல்யாண ஊர்வலம் போன்ற விசேஷங்களிலும் பாட்டு ஒலிபரப்புவதை மீறலாகக் கருதுவதில்லை. அது பந்தலோடு முடிந்துவிடும் சலுகை. அந்தப் பாட்டோடு வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கு அது பொருந்தாது. இப்படிப்பட்ட கோரலை எதிர்க்காமல், ஸ்டுடியோவிலேயே பாட்டை மட்டும் நீக்கவோ, அந்தப் பகுதியை வெட்டவோ, வேறு இசையை மாற்றவோ செய்யுங்கள். சரியாக நீங்கினால் கோரலும் போய்விடும். அடுத்த முறை ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்கம் நின்று, மைக்கை வாடிவாசல் பக்கம் திருப்பி வையுங்கள். கூட்டத்தின் ஆரவாரமும் காளையின் மணிச் சத்தமும் கேட்டாலே வீடியோ உயிரோடு இருக்கும்.

கோரல் தவறாக இருந்தால் விடாதீர்கள். என் கூத்து வீடியோ ஒன்றில் தெய்வ வணக்கப் பாடலுக்கு ஓர் ஒலிநாடா நிறுவனம் உரிமை கோரியது. அதே பழம்பாடலை வேறொரு ஜமாவை வைத்து அவர்கள் எப்போதோ பதிவு செய்திருக்கிறார்கள். பாடல் பொதுச் சொத்து. அவர்களுக்குச் சொந்தம் அவர்களுடைய பதிவு மட்டும். நான் எதிர்ப்பில் இப்படி எழுதினேன்: "இது மரபுவழிக் கூத்துப் பாடல். இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன ஜமா பாடியதை நான் நேரடியாகப் பதிவு செய்தேன். உங்கள் ஒலிப்பதிவின் எந்தப் பகுதியும் இதில் இல்லை. ஜமாவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் என்னிடம் இருக்கிறது." நான்கே வரி. அநியாயம், ஏழைக் கலைஞர் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்றெல்லாம் எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். அங்கே படிக்கிறவருக்கு உண்மை விவரம்தான் தேவை.

கோரல் வந்த 5 நாளுக்குள் எதிர்த்தால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள். பதில் இல்லை என்றால் கோரல் விழுந்துவிடும். அவர் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அவருக்கு 7 நாள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். மேல்முறையீட்டையும் ஏற்க மறுத்து அவர் நீக்கக் கோரிக்கை கொடுத்தால் உங்களுக்கு ஸ்ட்ரைக் விழும். உங்கள் பக்கம் நியாயம் உறுதியாக இருந்தால் மட்டுமே அந்தப் படியில் ஏறுங்கள்.

இன்னொரு நுணுக்கம். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பாரதியார் பாட்டுப் பாடியதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு வரைதான் உரிமை. பாரதியார் மறைந்தது 1921. பாட்டு வரிகள் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் பிள்ளைகள் அதை ஒரு சினிமா மெட்டில் பாடினால், அந்த மெட்டு இசையமைப்பாளருடைய தனிப் படைப்பு. கோரல் எதன் மேல் என்று பார்க்காமல் "பாரதியார் பாட்டுக்கு யாரடா உரிமை கேட்பது" என்று பாய்ந்தால் தோற்றுப்போவீர்கள்.

"ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது"

பதறி வீடியோவை நீக்காதீர்கள். நீக்கினாலும் ஸ்ட்ரைக் போகாது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் முழுதும், அதிலுள்ள வீடியோக்களோடு, போய்விடும். ஆகவே முதல் ஸ்ட்ரைக்கையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழி இருக்கிறது. தப்பு உங்களுடையது என்றால், யூடியூப் நடத்தும் பதிப்புரிமைப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருங்கள். புகார் செய்தவர் பேசக்கூடியவராக இருந்தால், அவரிடம் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பலருக்கும் இது பலன் தந்திருக்கிறது. பேசும்போது "தெரியாமல் போட்டுவிட்டேன் அண்ணா" என்பதோடு நிறுத்தாமல், அவருடைய மற்ற வீடியோக்கள் உங்கள் சேனலில் இருந்தால் அவற்றையும் அவர் கேட்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி எதிர் அறிவிப்பு. வீடியோ உங்களுடையது, அல்லது சட்டம் அனுமதிக்கிற விமர்சனம், செய்தி போன்ற நியாயமான பயன்பாடு என்று உறுதியாக இருந்தால் மட்டும். அனுப்பிய பிறகு, புகார் செய்தவர் வழக்குப் போட்டதற்கான சான்றை 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் போகும். ஆனால் இந்த அறிவிப்பில் நீங்கள் கொடுக்கும் முழுப் பெயரும் தொடர்பு விவரமும் அப்படியே எதிர்த்தரப்புக்குப் போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன் என்ற வாசகமும் அதில் இருக்கிறது. தனியாக வசிக்கும் பெண்கள், ஏற்கெனவே மிரட்டல் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞர் வழியாக அனுப்புவது நல்லது.

"என் தேர்வுக் குறிப்புகள் டெலிகிராமில் பி.டி.எஃப் ஆகச் சுற்றுகின்றன"

அரசுப் பணித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறவர்கள் அதிகம் படும் துயரம். ஒரு சேனலை மூடினால் இன்னொன்று முளைக்கிறது. டெலிகிராமுக்கு ஒவ்வொரு பதிவின் முகவரியையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். ஆள் யாரென்றே தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஓர் ஆசிரியை தொடுத்த இதே போன்ற வழக்கில், திருட்டுப் பாடங்களைப் பரப்பிய சேனல்களை நடத்துகிறவர்களின் விவரத்தை வெளியிடுமாறு டெலிகிராமுக்கு 2022-இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த பதிப்பில், ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் பிரதியில் ஒரு சின்ன எழுத்து வேறுபாடு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரதி வெளியே போனது என்று தெரிந்துவிடும்.

"ஓர் இந்திய இணையதளம் என் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறது, பதிலே இல்லை"

அந்தத் தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறர் ஏற்றுவதை வைத்திருக்கும் தளமாக இருந்தால், 2013-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி எழுத்துப்பூர்வப் புகார் கொடுக்கலாம். படைப்பின் விவரம், நீங்கள் உரிமையாளர் என்பதற்குச் சான்று, மீறல் இருக்கும் இடம், 52-ஆம் பிரிவின் விலக்குகளில் அது வராது என்பதற்கான காரணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஏற்றியவர் மேல் வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலைத் தடுக்க வேண்டும். 21 நாளில் நீங்கள் உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குக்குத் தயாராக இல்லாதவர்கள் இந்தப் புகாரை அனுப்பும் முன் அதை மனதில் வையுங்கள்.

தளமே திருடிப் போட்டதாக இருந்தால் அவர்களுக்கு நேரடி நோட்டீஸ். கூகுள் தேடலிலிருந்து அந்தப் பக்கத்தை நீக்கவும் தனியாகக் கேட்கலாம். அந்தக் கோரிக்கையின் நகல் லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும். தேவையில்லாத சொந்த விவரங்களை அதில் எழுதாதீர்கள்.

"பணம் கொடு, இல்லாவிட்டால் கேஸ் என்று மிரட்டுகிறார்கள்"

எந்தப் படைப்பு, எப்போது எடுத்தது, உரிமைக்கு என்ன சான்று என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேரம் பேசாதீர்கள். உண்மையில் நீங்கள் எடுத்துப் போட்டிருந்தால், நீக்கிவிட்டு நியாயமான தொகை கொடுத்து, எழுத்தில் முடித்துக்கொள்வதே மரியாதை. ஆதாரமில்லாத மிரட்டல் என்றால் சட்டத்தின் 60-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. அடிப்படையற்ற மிரட்டலை நிறுத்த உத்தரவும் இழப்பீடும் கேட்டு நீங்களே வழக்குத் தொடரலாம். பதில் நோட்டீஸில் வழக்கறிஞர் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டதுமே பல மிரட்டல்கள் அடங்கிவிடுகின்றன.

"எல்லாம் செய்தேன், எதுவும் நடக்கவில்லை"

இனி நீதிமன்றம் அல்லது காவல் நிலையம். எடுத்துப் போட்டவர் தில்லியிலோ மும்பையிலோ இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர வழி தருகிறது. தர்மபுரிக்காரருக்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரருக்குக் கிருஷ்ணகிரி. தெரிந்தே மீறுவது 63-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. காவல் நிலையத்தில் "இது சிவில் விஷயம்" என்று திருப்பி அனுப்பினால், இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள்.

திரைப்பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்க, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் வரும். அதனால் எடுத்த பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, திரும்ப இறக்கி வைக்காதீர்கள். கோப்பு சுருங்கி மாறிவிடும். பென் டிரைவில் மூலத்தையே வையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத கூத்துக் கலைஞர்கள் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச உதவி உண்டு.

"புகார் செய்துவிட்டேன், இப்போது திரும்பப் பெற வேண்டும்"

என் கூத்து வீடியோவை எடுத்துப் போட்டவன் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கல்லூரிப் பையன். அவனுடைய தாத்தா அதே ஜமாவில் ஆடியவராம். தாத்தாவின் நண்பர்கள் ஆடுவதை எல்லோரும் பார்க்கட்டும் என்று போட்டிருக்கிறான். 7 நாள் அவகாசத்தில் ஐந்தாம் நாள் என் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டான். அங்கேயே உட்கார்ந்து அவன் வீடியோவை நீக்க, நான் புகாரைத் திரும்பப் பெற்றேன். அதற்குப் புகார் கொடுத்த அதே கணக்கில் நுழைய வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவில் பதிப்புரிமைப் பகுதியில் நாம் அனுப்பிய கோரிக்கைகளின் பட்டியல் இருக்கும். அதில் திரும்பப் பெறும் தெரிவு இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்புவதானால், புகார் கொடுத்த அதே முகவரியிலிருந்து, வீடியோவின் முகவரியைக் குறிப்பிட்டு, முழுப் பெயரைக் கையொப்பமாக இட்டு அனுப்ப வேண்டும். பிறகு இருவரும் வாத்தியாருக்குத் தொலைபேசியில் பேசினோம்.